வெளிநாட்டில் வேதியியல் ஆய்வு: வினையூக்கி போடாத குடுவை



போன விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது நம் இளைஞர் முகாமில் அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் ஆறாம் படிவ மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: "அண்ணே, வெளிநாட்டுல கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி, ஆராய்ச்சின்னு சொல்றீங்க. அங்க போய் என்னதான் செய்றீங்க? படிக்கிறீங்களா, வேலை பாக்கிறீங்களா?" நல்ல கேள்வி. என் அம்மாவுக்கே இன்னும் அது சரியாகப் பிடிபடவில்லை. யாராவது கேட்டால் "ஜெர்மனில படிக்கிறான், ஆனா சம்பளம் வருது" என்று சொல்லிச் சமாளிக்கிறார். அன்று பதில் சொல்ல நேரம் போதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் தென் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாலிமர் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் கெடா, சுங்கை பட்டாணி பக்கம். தமிழ்ப்பள்ளி, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம்., பிறகு உள்நாட்டிலேயே இளங்கலையும் முதுகலையும். நம்மில் பலர் போகிற அதே பாதைதான்.

அந்தத் தங்கையின் கேள்விக்குப் பதில், இரண்டும்தான். ஜெர்மனியில் வேதியியல் முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் வகுப்பு கிடையாது; பல்கலைக்கழகத்தின் ஊழியராகச் சேருகிறோம். மாநில அரசு ஊழியர்களின் சம்பள அட்டவணையில் ஈ-13 என்ற தரம் நமக்கு. ஆனால் முழு வேலையாகக் கொடுப்பது குறைவு. பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு என்று ஒப்பந்தம் போடுவார்கள். தாளில் பாதி வேலை, லேப்பில் முழு வேலை. இது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். வரி, மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியம் எல்லாம் பிடித்த பிறகும் தனி ஆள் வாழலாம், கொஞ்சம் ஊருக்கும் அனுப்பலாம். கட்டணத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 இறுதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. முனைவர் பட்ட ஆய்வாளருக்கு அது கிடையாது.

சம்பளத்தைவிட முக்கியமானது ஒப்பந்தம் முடியும் தேதி. 2007-இல் வந்த ஒரு சட்டப்படி, முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பட்டத்துக்குப் பின் இன்னொரு 6 ஆண்டு வரை பல்கலைக்கழகம் உங்களைத் தற்காலிகமாகவே வைத்துக்கொள்ளலாம். அதற்குள் ஒப்பந்தத்தை ஓர் ஆண்டு, ஆறு மாதம் என்று துண்டு துண்டாக நீட்டுவதும் உண்டு. 2021-இல் அங்குள்ள இளம் ஆய்வாளர்கள் இதை எதிர்த்து நாடு முழுக்கக் குரல் கொடுத்தார்கள். நமக்கு இன்னொரு பாரமும் உண்டு. வேலைக்காகக் கிடைக்கும் குடியிருப்பு அனுமதி அந்த ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தால் உள்ளூர்க்காரன் வேறு வேலை தேடுவான். நாம் அதோடு பெட்டி கட்டுவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

என் ஆய்வுப் பொருள் ரப்பர். பாட்டி முப்பது வருடம் பால் வெட்டியவர். உளி, மங்கு, காண்டா வாளி என்று வாழ்ந்தவர். நான் என்ன செய்கிறேன் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். "ஜெர்மன்காரனுக்கு எதுக்குய்யா நம்ம ரப்பரு? அங்க மரமே முளைக்காதே!"

மரம் முளைக்காதுதான். ஆனால் ரப்பர் என்றால் என்ன என்பதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மன்காரர்தான். நூறு ஆண்டுகளுக்கு முன் வேதியியலாளர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? ரப்பர் என்பது சின்னச் சின்ன வளைய மூலக்கூறுகள், ஏதோ ஒரு மெல்லிய விசையால் ஒட்டிக்கொண்டு கூட்டமாக நிற்கின்றன என்று. ஹெர்மன் ஸ்டௌடிங்கர் 1920-இல் வேறு மாதிரி சொன்னார்: கூட்டமும் இல்லை, ஒட்டலும் இல்லை; உண்மையான வேதிப் பிணைப்பால் ஆன ஒரே நீண்ட சங்கிலி. சொன்னதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார். ரப்பரில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் அதன் இரட்டைப் பிணைப்புகள் போய்விடும். அந்த மெல்லிய விசை இரட்டைப் பிணைப்பிலிருந்து வருகிறது என்பதுதானே எதிர்த்தரப்பின் கட்சி? அப்படியானால் கூட்டம் கலைந்து, சாதாரணச் சின்ன மூலக்கூறாகக் காய்ச்சி வடிக்க வரவேண்டும். 1922-இல் அவர் செய்து பார்த்தார். வடிக்க வரவில்லை. கரைத்தால் முன்போலவே பிசுபிசுப்பான கரைசல்தான். 'பெருமூலக்கூறு' என்ற பெயரே அவர் வைத்ததுதான். அப்படியும் பெரிய பெரிய வேதியியலாளர்கள் பத்து வருடம் அவரை நம்பவில்லை. நோபெல் பரிசு 1953-இல் வந்தபோது அவருக்கு வயது 72. ஃபிரைபர்க் நகரில் அவர் பெயரில் ஒரு கட்டடம் இன்றும் நிற்கிறது. ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நம் மரத்துப் பாலில் உள்ள சங்கிலிகளில் ஐசோப்ரீன் என்ற துண்டு ஆயிரக்கணக்கான முறை கோத்திருக்கும். அந்தத் துண்டில் 5 கார்பன், 8 ஹைட்ரஜன். டயர் செய்யும்போது கந்தகம் போட்டு இந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னிவிடுகிறோம். பின்னிய பிறகு உருக்க முடியாது, கரைக்க முடியாது. பழைய டயர் மலைபோல் குவிவதற்கு அதுதான் காரணம். அந்தச் சங்கிலியை நாம் விரும்பும் இடத்தில் வெட்டி, மறுபடி பயன்படும் துண்டுகளாக எடுக்க முடியுமா? எங்கள் குழு பார்ப்பது இதைத்தான். பாட்டியிடம் இப்படிச் சொன்னேன்: "நீங்க மரத்த வெட்டுனீங்க, நான் பால வெட்டுறேன்." அது அவருக்குப் புரிந்தது.

அன்றாட வேலையைப் பற்றிக் கொஞ்சம். படத்தில் காட்டுகிற மாதிரி கலர் கலராகப் புகை வராது. பாதி நாள் கண்ணாடிச் சாமான் கழுவுவதில் போகும். மீதி, காற்றும் ஈரமும் படாமல் வேலை செய்வதில். எங்கள் பொருள்கள் பல உயிர்வளி பட்டாலே கெட்டுப்போகும். ஆகவே ஒரு குழாயில் வெற்றிடம், இன்னொரு குழாயில் ஆர்கான் வாயு, நடுவே திருகுகள் என்று ஓர் அமைப்பு. ஷ்லெங்க் லைன் என்பார்கள். பம்ப்பைக் காப்பாற்ற ஒரு கண்ணாடிக் குடுவையைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி வைத்திருப்போம். கரைப்பான் ஆவி அதில் உறைந்துவிடும். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 பாகை. உயிர்வளி மைனஸ் 183-லேயே திரவமாகிவிடும், ஆர்கான் மைனஸ் 186-இல். கணக்கைப் பாருங்கள். குடுவை குளிர்ந்திருக்கும்போது யாராவது ஒரு திருகைத் திறந்தே விட்டால், அறையில் உள்ள காற்றின் உயிர்வளி உள்ளே போய் வெளிர் நீலத் திரவமாகத் தேங்கும். அதனோடு கரைப்பானும் சேர்ந்தால் அது வெடிகுண்டு. நீலம் தெரிந்தால் தனியாக ஹீரோயிசம் காட்டக் கூடாது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பாதுகாப்புப் பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும். முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள், ஆண்டுதோறும் மறுபடி. சில இடங்களில் ஜெர்மன் மொழியில் மட்டும் சொல்வார்கள். புரியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். "இங்கிலீஷ்ல ஒரு தடவ சொல்லுங்க" என்று கேளுங்கள். கூச்சப்படுகிற விஷயம் இல்லை இது. 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும் திரவம் ஒன்றைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்த 23 வயது ஆய்வு உதவியாளர் மீது தீப்பற்றியது. அவர் லேப் கோட்டு போட்டிருக்கவில்லை, செயற்கை நூல் சுவெட்டர் போட்டிருந்தார். 18 நாள் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனார். உங்களைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். பருத்திக் கோட்டு, பொத்தான் போட்டு. அவ்வளவுதான் என் பிரசங்கம்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத ஒத்துக்கொண்டதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

நான் சேர்ந்தபோது குழுவில் ஒரு நல்ல செய்தி காத்திருந்தது. எனக்கு முன் இருந்து பட்டம் முடித்துப் போன ஒருவர், மலிவான ஓர் இரும்புச் சேர்மத்தை வினையூக்கியாகப் போட்டு, 80 பாகையில் 24 மணி நேரத்தில் ரப்பர் சங்கிலியைப் பத்தில் ஒரு பங்கு நீளத்துக்கு வெட்டியிருந்தார். கட்டுரை பாதி எழுதியாகிவிட்டது. மீதிச் சோதனைகளை முடித்துக் கொடுத்தால் என் பெயரும் அதில் வரும். புதிதாக வந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பழைய குறிப்பேடுகளைப் படித்தேன். வினையூக்கி போடாமல் ஓட்டிய ஒப்பீட்டுச் சோதனை ஒன்று இருந்தது, அதில் ரப்பர் அப்படியே இருந்தது. ஆனால் அந்தக் குடுவை ஓடியது இரண்டு மணி நேரம். மற்றதெல்லாம் 24 மணி நேரம்.

எனக்குத் தட்டியது வேதியியல் இல்லை, தோட்டம். மங்கில் காய்ந்த ஒட்டுப்பாலை வெயிலில் போட்டு மறந்துவிட்டால் என்ன ஆகும்? பிசுபிசு என்று கையில் ஒட்டும். சின்ன வயதில் அதை உருட்டி விளையாடித் திட்டு வாங்கியிருக்கிறேன். வெயிலும் காற்றும் சங்கிலியை அறுக்கின்றன, அதுதான் பிசுபிசுப்பு. வினையூக்கியே இல்லாமல் ரப்பர் அறுபடும் என்பது தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியும். அப்படியானால், அந்த 24 மணி நேரத்தில் வெட்டியது யார்?

நான்கு குடுவை வைத்தேன். வினையூக்கியும் காற்றும், வினையூக்கி மட்டும், காற்று மட்டும், இரண்டும் இல்லாமல். காற்று வேண்டாத குடுவைகளில் கரைசலை உறையவைத்து, பம்ப் போட்டு, உருகவைத்து, மூன்று முறை அப்படிச் செய்து கரைந்திருந்த உயிர்வளியையும் எடுத்தேன். எல்லாம் ஒரே எண்ணெய்த் தொட்டியில், அதே 80 பாகை, அதே 24 மணி நேரம். சங்கிலி நீளத்தை அளக்க ஜிபிசி என்ற கருவி உண்டு. அதில் பெரிய மூலக்கூறு முதலில் வெளியே வரும், சின்னது பிந்தி வரும். முடிவு: காற்று இல்லாத இரண்டிலும் சங்கிலி ஏறக்குறைய அப்படியே. காற்று இருந்த இரண்டிலும் அறுந்திருந்தது. இரும்பு இருந்ததில் இன்னும் வேகமாக. ஆக வெட்டியது காற்று. இரும்பு அதற்குத் துணை போனது, அவ்வளவுதான். செம்பு, மாங்கனீசு, இரும்பு போன்றவை ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும் என்பது ரப்பர் தொழிலில் பழைய பாடம். புது வினையூக்கி என்று அதைப் போய் விற்க முடியாது.

முடிவு தெரிந்த பிறகு மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. ஆய்வு வழிகாட்டியை அங்கே 'டோக்டர்ஃபாட்டர்' என்பார்கள். ஃபாட்டர் என்றால் அப்பா. அப்பாவிடம் போய், "நீங்க எழுதிக்கிட்டிருக்கிற கட்டுரை நிக்காது" என்று எப்படிச் சொல்வது? நாம் வளர்ந்த விதம் அப்படி. ஆசிரியர் கரும்பலகையில் தப்பாக எழுதினால்கூட நாம் நோட்டில் சரியாக எழுதிக்கொண்டு பேசாமல் இருப்போம். ஒப்பந்தத்தில் எனக்கு மிச்சம் 14 மாதம். அவர் கையெழுத்துப் போட்டால்தான் நீட்டிப்பு. அன்று இரவு அப்பாவுக்கு அடித்தேன்.

"பெரியவரு மனசு சங்கடப்படுமேப்பா," என்றேன்.

அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நீ சொல்லலன்னா, வேற யாராச்சும் செஞ்சு பாத்தா தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்பா."

"அப்ப எதுக்கு அவரு வெளியாளுகிட்ட கேள்விப்படணும்?"

நான் இந்தப் பக்கமிருந்து யோசிக்கவே இல்லை. மறைப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது எனக்கு மட்டும் வந்த சிக்கலும் இல்லை. அந்த மூன்று நாளில் தேடிப் படித்ததில் நிக்கோலஸ் லீட்பீட்டர் என்ற வேதியியலாளரின் கதை கிடைத்தது. பல்லேடியம் இல்லாமல் நடக்காது என்று எல்லாரும் நம்பிய சுசுக்கி இணைப்பு வினை, பல்லேடியமே போடாமல் நடக்கிறது என்று 2003-இல் அவர் குழு வெளியிட்டது. பெரிய பரபரப்பு. பிறகு அவர்களே தோண்டித் துருவிப் பார்த்ததில், கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு பல்லேடியம் அசுத்தமாக இருந்தது தெரிந்தது. வேலை செய்தது அந்தத் துளிதான். 2005-இல் அதையும் அவர்களே வெளியிட்டார்கள். அதன்பின் வேறு சில வினைகளிலும் இதே மாதிரி வெளிவந்தது. 2009-இல் புக்வால்டும் போல்மும் சேர்ந்து, இரும்பு செய்கிறது என்று நினைத்த சில வினைகளை இரும்பு உப்பில் கலந்திருந்த துளிச் செம்புதான் செய்கிறது என்று காட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை வழிகாட்டியின் அறைக்குப் போனேன். "உங்கள் முடிவு தப்பு" என்று நான் தொடங்கவில்லை. நான்கு வரைகோடுகளை மேசையில் வைத்து, "இதற்கு விளக்கம் என்னவென்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு, முதலில் நீங்கள் பாருங்கள்" என்றேன். வெகு நேரம் பார்த்தார். முகம் சுருங்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு மூன்று கேள்வி கேட்டார். ரப்பர் எந்தப் பொதியிலிருந்து? கரைப்பான் எந்தப் போத்தல்? வேறு யாராவது செய்து பார்த்தார்களா? முதல் இரண்டுக்கும் பதில் இருந்தது. மூன்றாவதற்காக, குழுவில் இருந்த போலந்துப் பெண் ஒருவரிடம் எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னார். குடுவையில் பெயர் இல்லை, 1, 2, 3, 4 என்று எண் மட்டும். எதில் என்ன இருக்கிறது என்று அளந்தவருக்கே தெரியாது. அதே முடிவு வந்தது. கட்டுரை நின்றது.

கைதட்டல் எதுவும் கிடைக்கவில்லை. எனக்குப் போனது ஒரு கட்டுரை, எட்டு மாத வேலை. சில வாரம் லேப்பில் காப்பி குடிக்கும் நேரத்தில் பேச்சுக் குறைந்துதான் இருந்தது. ஆனால் வேலை நிற்கவில்லை. காற்றுதான் வெட்டுகிறது என்றால் அதையே கட்டுப்படுத்தி வெட்டினால் என்ன என்று கேள்வி திரும்பியது. இதில் ஒரு வேடிக்கை. ரப்பரை இப்படி உடைத்துத் திரவ ரப்பராக்கும் ஆய்வு மலேசியப் பல்கலைக்கழகங்களில் பல வருடமாக நடந்திருக்கிறது. எங்கள் குழுவில் யாரும் அதைப் படித்திருக்கவில்லை. ஊரிலிருந்து வந்த கட்டுரைகளை நான்தான் அச்செடுத்து மேசையில் வைத்தேன். என் இப்போதைய தலைப்பு அதிலிருந்து வந்தது. ஒப்பந்தம் ஓர் ஆண்டு நீண்டிருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

குறிப்பேட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயம் முழுவதும் ஒரு குறிப்பேட்டில்தான் பிடிபட்டது. "இரண்டு மணி நேரம்" என்று அந்தப் பழைய ஆய்வாளர் நேர்மையாக எழுதி வைத்திருந்தார். எழுதாமல் விட்டிருந்தால் நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். பென்சில் கூடாது, மை வேண்டும். தாளைக் கிழிக்கக் கூடாது. அடித்தால் ஒற்றைக் கோடு, கீழே உள்ளது தெரிய வேண்டும். தேதி. "எதிர்பார்த்தது வரவில்லை" என்பதையும் எழுத வேண்டும், என்ன நிறம், என்ன எடை என்று. அந்த நோட்டு உங்களுடையது இல்லை, நிறுவனத்துடையது. போகும்போது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பாட்டி காலத்தில் ஸ்டோரில் மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவையைப் பாலில் விட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்தக் கோட்டில் நிற்கும் எண்ணை வைத்துத்தான் கூலி. கிராணி சரியாகப் பார்க்கிறாரா என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் பாட்டிக்கு இருந்தது. ஆய்வாளருக்கும் அந்தப் பழக்கம் வேண்டும், அடுத்தவர் எண்ணிலும் தன் எண்ணிலும்.

திரும்பி வருவாயா என்று முகாமில் பலர் கேட்டார்கள். வர விருப்பம்தான். ரப்பருக்கு நம் நாட்டில் இடம் உண்டு. 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், 1998-இலிருந்து மலேசிய ரப்பர் வாரியத்தின் பகுதி. அதே வாரியத்துக்கு இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட் பக்கத்தில் துன் அப்துல் ரசாக் பெயரில் ஓர் ஆய்வு மையமும் இருக்கிறது. 1938-இல் ரப்பர் உற்பத்தியாளர்கள் தொடங்கிய கழகத்தின் தொடர்ச்சி அது. ரப்பர் ஏன் இழுபடுகிறது என்ற அடிப்படை அறிவியலில் ஒரு பெரும் பங்கு அங்கே செய்யப்பட்டது. அதற்கான பணம் பெரும்பாலும் இங்கிருந்து ஏற்றுமதியான ரப்பர் மீது வாங்கிய தீர்வையிலிருந்து போனது. அதாவது விடியற்காலை பெரட்டுக்கு ஓடியவர்கள் வெட்டிய பாலிலிருந்து. வேதியியல் ஆய்வு நமக்குச் சம்பந்தமில்லாதது என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, முகாம் முடிந்த பிறகு நான்கைந்து பேர் தனியாகக் கேட்டது: பேராசிரியருக்கு எப்படி எழுதுவது? ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள், திறந்ததும் தெரிந்துவிடும். "மதிப்புக்குரிய ஐயா, தங்கள் உன்னதமான ஆய்வு" என்று ஆரம்பித்தால் அதோடு மூடிவிடுவார்கள். அவர் குழுவின் அண்மைக் கட்டுரை இரண்டைப் படியுங்கள். முழுவதும் புரியாது, எனக்கும் புரியவில்லை. புரிந்த இடத்தில் ஒரு கேள்வி பிறக்கும். அந்தக் கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். பிறகு நீங்கள் கையால் செய்த வேலை என்ன, எந்தக் கருவியை நீங்களே இயக்கியிருக்கிறீர்கள் என்று மூன்று வரி. மதிப்பெண் பட்டியல், உங்களைத் தெரிந்த இரண்டு விரிவுரையாளர் பெயர். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் மனம் விட வேண்டாம், அடுத்த குழுவின் கட்டுரையை எடுங்கள். எனக்கு வேலை கொடுத்தவர் என் பட்டியலில் பதினேழாவது ஆள்.